பின்கதவு வழியாக வந்தவர்கள்

பிரபு,

இதை நீ கம்பெனி பஸ்ஸில்தான் படிப்பாய். பையில் துண்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முகம் துடைக்கத் துண்டை எடுக்கும்போது கையில் படும். நேரில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஒருமுறை நீ நைட் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாய், கண் சிவந்திருந்தது. இன்னொரு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். வாய் வரைக்கும் வந்தது. "ரசம் ஊத்தட்டாடா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உனக்கே தெரியும், எனக்குப் பேச்சு அப்படித்தான். பதினெட்டு முடிந்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷம் நீ. நீயும் நானும் ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர்கள் மாதிரித்தான். உனக்குப் புத்தி சொல்கிற குரல் எனக்கு வந்ததே இல்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

திங்கட்கிழமைக்குள் புனேவுக்குப் போகிறாயா இல்லையா என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே உங்கள் கம்பெனியின் புதுத் தொழிற்சாலை, டீம் லீடர் வேலை. கல்யாணம் முடிந்ததும் நீயும் செல்வியும் அங்கேயே குடித்தனம் வைக்கலாம். நீ வேண்டாம் என்று எழுதப்போகிறாய். காரணம் உன் தங்கச்சி. தாரணியின் காலை நேரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நினைக்கிறாய். அந்தக் காலை நேரத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உன் நிச்சயதார்த்தத்துக்கு நீ கோவில்பட்டி போயிருந்தபோது தெரிந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அது விளங்கும். சிலது உனக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொண்டு படி.

தாரணிக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது அவளுக்கு மூன்று வயது. அந்த வார்த்தையை நம் ஊர் சேரப்பணஞ்சேரியில் அதற்கு முன்னால் நாம் யாரும் கேட்டதில்லை. நான் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததில் எனக்கு நன்றாகப் பிடிபட்டது ஒன்றுதான்: தினமும் நடப்பது தினமும் நடக்க வேண்டும், மாற்றக் கூடாது. பயிற்சி மையத்திலும் அதையே சொன்னார்கள். நம் வீட்டில் தினமும் நடந்தது அப்பா வேலைக்குக் கிளம்புவது. தெரு முனையில் ஏழுமலை அண்ணன் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிப்பார். தாரணி ஆணியில் மாட்டியிருக்கும் பையை எடுத்து அப்பாவிடம் கொடுப்பாள். கேன்டீனில் சாப்பாடு உண்டு என்பதால் அதில் தண்ணீர் பாட்டிலும் துண்டும்தான் இருக்கும். அப்பா கேட்டைத் திறந்துகொண்டு போவார். அவள் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். "லேட்டாயிடுச்சி, லேட்டாயிடுச்சி" என்று அப்பா தினமும் சொல்வதை அப்படியே சொல்லிக்கொண்டு உள்ளே வந்து சாப்பிட உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் இல்லை. அன்றைக்கு அவள் கேட்டுப் பக்கமே போக மாட்டாள்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழை உனக்கு நினைவிருக்கும். நம் தெருவில் முட்டளவு தண்ணீர். நீயும் அப்பாவும் கேட்டை ஒட்டி மணல் மூட்டை அடுக்கினீர்கள். ஏழுமலை அண்ணன் அந்தத் தண்ணீரிலும் பஸ்ஸைக் கொண்டுவந்து முனையில் ஹாரன் அடித்தார். வீட்டை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அப்பா மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். தாரணி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய். கேட்டுக் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டே இருந்தாள். நீதான் நடுவில் கையைக் கொடுத்தாய்; உன் விரல் வீங்கிப்போனது. அவள் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் அப்பாவும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஹாரன் அடித்தும் அப்பா கிளம்பாவிட்டால் இவளால் தாங்க முடியவில்லை. இனி எது நடந்தாலும் ஹாரன் அடித்தால் அப்பா கிளம்பிவிட வேண்டும்.

அதற்கப்புறம்தான் அப்பாவை ஷிப்டில் போட்டார்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் விடியும்போது வந்து காபி குடித்துவிட்டு, கழற்றின சாம்பல் நிறச் சட்டையைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்ததும் பையை வாங்கிக்கொண்டு போவார். முனைவரைக்கும் போய் ஏழுமலை அண்ணனுக்குக் கை காட்டிவிட்டு, கிணற்றுச் சந்தில் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்து படுப்பார். நான் கதவில் எண்ணெய் விட்டு வைத்திருப்பேன், சத்தம் வராமல் இருக்க. அவள் முன்னறையில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பாள். அவர் பின்னறையில் மூச்சுக்கூட விடாமல் படுத்திருப்பார். அந்தக் கம்பெனியை மூடியபோது எல்லாரும் யூனிபார்மைத் தரை துடைக்கப் போட்டார்கள். அப்பா மட்டும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தார். ஏழுமலை அண்ணனின் பஸ் வேறொரு கம்பெனிக்கு ஓட ஆரம்பித்தது. நம் முனையில் அவர் பஸ்ஸில் ஏற ஆளில்லை. இருந்தாலும் தாரணிக்காக நிறுத்தி ஹாரன் அடிப்பார். "இன்னா மாமே, கம்பெனிய மூடியும் கரெக்டா டூட்டிக்கு வர ஒரே ஆளு நீதான். உனக்கு ஒரு அவார்டு குடுக்க சொல்லணும்" என்பார். பஸ்ஸுக்குள் இருக்கிற கம்பெனிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, கிணற்றுச் சந்தில் திரும்பி வந்துவிடுவார். சாயங்காலம் கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போவார்.

அப்பாவுக்கு முட்டி போன பிறகு நீ எடுத்துக்கொண்டாய். யாரும் உன்னிடம் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நீ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். தோள் தொளதொளவென்று தொங்கியது. தாரணி உன் காலரைப் பிடித்துப் பார்த்தாள். பையைக் கொடுத்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது உன் வேலை ஆகிவிட்டது. பகல் ஷிப்ட் என்றால் அப்பா சட்டையில் போய் ஒரகடம் டீக்கடையில் உன் நீலச் சட்டைக்கு மாறுவாய். நைட் ஷிப்ட் என்றால் நீயும் கிணற்றுச் சந்து, நீயும் பின்கதவு. உன் வயசுப் பையன்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்து மத்தியானம் வரைக்கும் கட்டை மாதிரி தூங்குகிறார்கள். நீ தலையை ஆட்டி ஆட்டித் தூக்கத்தைத் துரத்திக்கொண்டு ஹாரனுக்காக உட்கார்ந்திருப்பாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய்ப் படு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இனி நீ இல்லாதபோது நடந்தது. உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தாரணியை ரயிலில் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வர முடியாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். நான் படித்த கதைகளில் இந்த மாதிரி இடத்தில் அம்மாக்கள் அழுவார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. படத்தைப் பெரிதாக்கி, பெரியம்மா என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று பார்த்தேன். செல்வி தலையில் நிறையப் பூ வைத்திருந்தாள். போனை மூடி வைத்துவிட்டு மாவு ஆட்டப் போனேன். மறுநாள் காலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ இல்லை, அப்பாவால் எழ முடியாது, ஹாரன் அடிக்கும். கேட்டுக் கம்பியில் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டி வைத்தேன்.

காலையில் ஹாரன் அடித்தது. அப்பா முன்னறையில் லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டிருந்தார். தாரணி ஆணியிலிருந்து பையை எடுத்தாள். அப்பாவின் காலைத் தாண்டிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் போர்வையை ஒரு பார்வை பார்த்தாள். கேட்டை அவளே திறந்தாள், அகலமாக. பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்புகிற சத்தம் அடங்கியது. கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "லேட்டாயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் தட்டைத் தட்டினாள், இட்லி வைக்கச் சொல்லி.

அப்பாதான் முதலில் பேசினார். "இன்னாடி இது. நான் இங்கியே குந்திகினு கீறேன். என் காலத் தாண்டிதான போனா." நான் அவள் தட்டில் இட்லி வைத்தேன். "ஒருவேள அவன் முன்னாலியே போயிட்டான்னு நெனச்சிகிட்டாளோ" என்றார். மறுநாள் அவரே சோதித்துப் பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு வரும்போது, "பாப்பா, அப்பா டூட்டிக்குப் போவலம்மா" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், "ஓ.டி. இருக்கா?" என்று கேட்டாள். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் ஓவர்டைம் இருக்கா என்று கேட்பாளே, அதே மாதிரி. "இல்லம்மா. இனிமே ஓ.டி.யே கெடையாது" என்றார் அப்பா. அவள் போய்க் கேட்டைத் திறந்து, காத்திருந்து, சாத்திவிட்டு வந்து சாப்பிட்டாள். அன்றைக்கு அப்பா வெகுநேரம் தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ இத்தினி வருசமா நானும் அவனும் யாருக்குடி போயிகினு இருந்தோம்?"

எனக்கு மழை நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஹாரன் அடித்தது, அப்பா போகவில்லை, அவள் மோதிக்கொண்டாள். இதைத்தான் நாங்கள் பார்த்தோம். கேட்டுக்கு முன்னால் மணல் மூட்டை இருந்தது, கேட் திறக்கவில்லை. அதை நாங்கள் பார்க்கவில்லை. ஹாரன் அடித்தால் கேட் திறக்க வேண்டும், பிறகு தாழ்ப்பாள் விழ வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். இதுவும் தப்பாக இருக்கலாம். அப்போது ஐந்தாறு வயது, இப்போது பெரிய பெண். நடுவில் எப்போதோ மாறியிருக்கலாம், நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. யார் போகிறார்கள் என்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு நீ கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாய். "பாப்பா சாப்ட்டாளாம்மா?" என்று கேட்டாய். "ம்" என்றேன். "ரொம்ப படுத்திட்டாளா?" என்றாய். "அதெல்லாம் சமாளிச்சுட்டோம்" என்றேன். நீ உடனே, "நான் நாளைக்கே வந்துர்றேன், லீவ சேத்துப் போடல" என்றாய். உன் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், பாத்திரச் சத்தம். இரு, நாலு நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ வந்தாய். மறுநாள் காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். கிணற்றுச் சந்தில் சுற்றி வந்து பின்கதவைத் தட்டினாய். நான் திறந்தேன். அப்பா அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. நீ இங்கே இருக்க ஒரு காரணம் இருந்தது. அதை எங்கள் கையால் எடுத்துப்போட மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். ஒரகடத்தில் அவள் தங்கி வேலை பார்க்கிற கம்பெனி ஹாஸ்டலில் இருந்து நேராக இங்கே. நீ ஓ.டி.யில் இருந்தாய். தாரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் செய்கிற மாதிரியே வெங்காயத் தோலை நீளத்தில் கிழித்துக்கொண்டிருந்தாள். அப்படியே தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அத்தை, புனேக்குப் போவலன்னு எழுதிக் குடுக்கப் போறாராம். ஏன்னு கேட்டா, காலைல அப்பா சட்டையப் போட்டுட்டு யாரு போவாங்கன்னு என்ட்டயே திருப்பிக் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? நீங்களே சொல்லுங்க." தாரணி, "லேட்டாயிடுச்சி" என்றாள். செல்வி சிரித்தாள். "ஆமா தாயி, உங்க அண்ணனுக்குத்தான் லேட்டாயிட்டு" என்றாள். நான், "தோசை ஊத்தட்டுமாம்மா" என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊத்துங்க அத்தை" என்றாள். கெட்டிக்காரப் பெண். என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகும்போது ஒன்று சொன்னாள். டீக்கடை வாசலில் நீ தினமும் சட்டை மாற்றுவதைப் பார்த்துத்தான் முதலில் பேசினாளாம்: "அண்ணாச்சி, உள்ளபடிக்கு எந்தக் கம்பெனிலதான் வேல பாக்கீக?" நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லை. யாருக்குப் போனோம் என்று அப்பா கேட்டாரே, அவரிடம் இதைச் சொன்னேன். "அட" என்றார். பிறகு, "அப்ப என் சட்டதான் பொண்ணு பாத்துகிச்சி" என்றார்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. நிம்மதியாக இருக்குமா, வலிக்குமா, இவ்வளவு நாள் தூக்கம் கெட்டதற்குக் கோபம் வருமா. எது வந்தாலும் நியாயம்தான். தங்கச்சிக்கு நான் ஒன்றுமே இல்லையா என்று மட்டும் நினைக்காதே. நெற்றிக்கும் கம்பிக்கும் நடுவில் கையைக் கொடுத்தவன் நீ. அவள் உன் விரலைப் பிடித்து அன்றைக்கு வீங்கின கணுவைத் தடவிப் பார்ப்பாளே, நீ தூங்கும்போதும் வந்து தடவுவாளே, அது பையோடும் சட்டையோடும் சம்பந்தமில்லாதது. அவளுக்கு அது வேறு, கேட் வேறு. நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தோம்.

எங்களுக்குப் பிறகு அவள் எங்கே இருப்பாள் என்ற கேள்வி உனக்கும் இருக்கும். செல்விக்கும் இருக்கும், அவள் கேட்காமல் இருக்கிறாள். உனக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்று எழுதினால் அது பொய், நீயும் நம்ப மாட்டாய். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அவள் பிறந்தபோது உன்னைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் வயசு இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. என்றைக்கோ வரப்போகிற கேள்விக்கு இந்தத் திங்கட்கிழமையே பதில் எழுதிக் கொடுத்துவிடாதே. இந்தத் திங்கட்கிழமை உன்னைக் கேட்பது புனேவைப் பற்றி மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்ல வேண்டியது என்று சில இருக்கிறதாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கு. செல்விக்கும் ஷிப்ட் இருக்கும்; அவள் தூங்கும்போது குக்கர் வைக்காதே. உனக்கு ஒன்று கஷ்டமாக இருந்தால் அவளிடம் வாய் விட்டுச் சொல். நம் வீட்டில் எல்லாரும் ஒருத்தருக்காக ஒருத்தர் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருந்தோம். கேட்டிருந்தால், ஒரு நாள் நிறுத்திப் பார்த்திருந்தால், தெரிந்திருக்கும். நிறுத்திப் பார்க்கப் பயந்தோம். நீங்கள் எதையாவது ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருந்தால், வருஷத்துக்கு ஒரு தரமாவது நிறுத்திப் பாருங்கள்.

புனேவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடு. நீ கிளம்புகிற அன்றைக்கு அப்பா சட்டையைத் தொடாதே, உன்னுடையதைப் போட்டுக்கொள். ரயில் எந்த நேரமாக இருந்தாலும் காலையில் ஹாரன் அடிக்கும்போதே வீட்டை விட்டுப் புறப்படு. கேட்டைத் தாரணி திறப்பாள். நீ வெளியே போனதும் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். அழ மாட்டாள், உன்னைக் கூப்பிட மாட்டாள், உள்ளே வந்து இட்லி சாப்பிடுவாள். அது உனக்குத் தாங்காது. அவள் நிஜமாகவே சாப்பிடுகிறாளா என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கால் தானாகக் கிணற்றுச் சந்துக்குத் திரும்பும், பழகின கால். வராதே. பின்கதவைப் பூட்டி வைத்திருப்பேன். சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். என்னிடம் இருந்தால், நீ தட்டியதும் திறந்துவிடுவேன்.

அம்மா